பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு: சர்க்கரைத் தண்ணீரிலிருந்து லேசிக்ஸ் வரை ஒரு முழு வழிகாட்டி

பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு, சுருக்கமாக எஸ்.பி.ஆர்., ஒரு மூலக்கூறு தங்கத்தின் மேல் கட்டிய புரதத்தில் ஒட்டுகிறதா என்று பார்க்க உதவும் முறை. அந்தக் கருவியில் நான் முதன்முதலாக ஓட்டிய மருந்து 200 அலகு சிக்னல் கொடுத்தது. மூன்று நாள் மிதப்பிலேயே இருந்தேன். நான்காம் நாள் லேபில் சீனியராக இருந்த அக்கா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆர்-மேக்ஸ், அதான் அதிகபட்ச சிக்னல், எவ்வளவு வரணும்னு கணக்குப் போட்டியா?" என்றார். போட்டேன். 34 வந்தது. முழுதாக ஒட்டினாலே 34தான் வர முடியும் என்ற இடத்தில் 200 வந்திருக்கிறது. மருந்தைக் கரைக்க ஊற்றிய டி.எம்.எஸ்.ஓ. என் மாதிரிகளில் 3 சதவீதத்துக்குப் பதில் 3.15 சதவீதம் இருந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கருவிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. உள்ளே இருக்கும் தங்கப் படலத்தை ஒட்டிய சுமார் 200 நானோமீட்டர் உயரத்துக்குள் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறியது என்று அது சொல்லும். மாற்றியது புரதமா, மருந்தா, கரைப்பானா, அறையின் வெப்பமா என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அந்த வேலைக்காகத்தான்.

நேராகப் பெரிய கருவிக்குப் போகாமல், முதலில் மேசையில் ஒரு லேசரை வைத்து நீங்களே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்வேன். எம்.எஸ்சி. ஆய்வகத்தில் இரண்டு வாரத்தில் முடியும். அதைச் செய்தவர்களுக்குப் பின்னால் திரையில் ஓடும் கோடு புரியும். செய்யாதவர்களுக்கு அது வெறும் கோடு.

என்ன நடக்கிறது?

கண்ணாடிக்குள் போகும் ஒளி மாறுநிலைக் கோணத்தைத் தாண்டி விழுந்தால் முழு அக எதிரொளிப்பு நடக்கும் என்பது பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். ஆனால் எதிரொளிக்கும் இடத்தில் ஒளியின் மின்புலம் கண்ணாடியின் எல்லையில் சட்டென்று நின்றுவிடாது. கொஞ்ச தூரம் வெளியே கசிந்து மங்கும். அந்த எல்லையில் மெல்லிய தங்கப் படலம் இருந்தால், கசிந்த புலம் படலத்தின் மறுபுறம் வரை எட்டி, அங்கே உள்ள கட்டற்ற எலக்ட்ரான்களை அலையாக ஆட்டும். அந்த அலைக்குத்தான் பரப்பு பிளாஸ்மான் என்று பெயர்.

எல்லாக் கோணத்திலும் ஆட்டாது. படலத்தின் நெடுக ஒளிக்கு இருக்கும் உந்தமும் எலக்ட்ரான் அலையின் உந்தமும் ஒன்றாக அமையும் கோணத்தில் மட்டும் ஒளியின் ஆற்றல் அலைக்குள் போய்விடும். எதிரொளிப்பு காணாமல் போகும், அங்கே ஒரு இருட்டுக் கோடு விழும். கோணத்துக்கு எதிராக எதிரொளிப்பை வரைந்தால் அது ஒரு குழியாகத் தெரியும். தங்கத்துக்கு வெளியே உள்ள பொருளின் ஒளிவிலகல் எண் மாறினால் அந்தக் கோணமும் நகரும். அளப்பது அந்த நகர்வைத்தான்.

காற்றிலிருந்து நேராக ஒளியை அடித்தால் உந்தம் போதாது, அதனால்தான் கண்ணாடி முப்பட்டகம் தேவைப்படுகிறது. நெருக்கமாகக் கோடுகள் கீறிய உலோகக் கீற்றணியிலும் இது நடக்கும். இயற்பியலாளர் ராபர்ட் உட் 1902-ல் கீற்றணி நிறமாலையில் காரணம் தெரியாத இருட்டுக் கோடுகளைப் பார்த்தது இதனால்தான். முப்பட்டக வழியை 1968-ல் இரண்டு விதமாகக் காட்டினார்கள். ஆந்த்ரியாஸ் ஓட்டோ கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி விட்டார். கிரெட்ச்மனும் ஹைன்ஸ் ரேதரும் உலோகத்தைக் கண்ணாடி மேலேயே பூசிவிட்டார்கள். ஓட்டோவின் முறையில் ஒரு தூசி விழுந்தால் இடைவெளி போச்சு. அதனால் இன்று பெரும்பாலான கருவிகள் கிரெட்ச்மன் வழியில்தான் நிற்கின்றன. நாமும் அதையே கட்டுவோம்.

படி 1: மேசையில் ஒரு குழி

தேவையானவை: 633 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், ஒரு போலரைசர் (ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்கும் வடிகட்டி), பி.கே.7 கண்ணாடியில் 60 பாகை முப்பட்டகம், சுழல் மேடை, ஒளி டையோடு, தங்கம் பூசிய கண்ணாடி ஸ்லைடு. ஸ்லைடில் 2 நானோமீட்டர் குரோமியம், அதன் மேல் 50 நானோமீட்டர் தங்கம் இருக்க வேண்டும். குரோமியம் ஒட்டுப்பசைக்காக மட்டும். அது கூடினால் குழி அகன்றுவிடும். பூசி வந்த ஸ்லைடை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மேலே பார்த்தால் மஞ்சள், ஊடே பார்த்தால் பச்சை கலந்த நீலம். ஊடே வெளிச்சமே தெரியவில்லை என்றால் படலம் தடிமனாகிவிட்டது.

ஸ்லைடை முப்பட்டகத்தில் ஒட்ட, மைக்ரோஸ்கோப்பில் 100 எக்ஸ் லென்ஸுக்கு விடும் எண்ணெய் போதும். அதன் ஒளிவிலகல் எண்ணும் 1.515தான். ஒரே ஒரு சொட்டு விட்டு, ஸ்லைடை ஓரத்திலிருந்து மெதுவாகச் சாய்த்து இறக்குங்கள். குமிழி மாட்டினால் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டுவதுதான் வழி. தங்கம் பூசிய பக்கம் வெளியே பார்க்க வேண்டும். சிரிக்காதீர்கள், எல்லோரும் ஒருமுறையாவது திருப்பி ஒட்டியிருப்பார்கள்.

போலரைசரை, படும் கற்றையும் எதிரொளித்த கற்றையும் அமையும் தளத்திலேயே மின்புலம் அதிரும்படி வையுங்கள். அதற்குச் செங்குத்தாக அதிரும் ஒளி பிளாஸ்மானை எழுப்பாது. இது குறை இல்லை, வசதி. ஒவ்வொரு கோணத்திலும் இரண்டு முனைவாக்கத்திலும் அளந்து முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், லேசரின் ஏற்ற இறக்கமும் கண்ணாடி முகங்களில் போகும் இழப்பின் பெரும்பகுதியும் கழிந்துவிடும்.

மேடை ஒரு பாகை சுழன்றால் எதிரொளித்த கற்றை இரண்டு பாகை நகரும், டையோடையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். அறைக்குள் கற்றை சுழலும் என்பதால் மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். கற்றையின் மட்டத்துக்குக் கண் வரும்படி உட்காராதீர்கள்.

இன்னொரு சிக்கல் பலரைக் குழப்பும். மேடையில் படிக்கும் கோணம் வேறு, கண்ணாடிக்குள் தங்கத்தின் மேல் ஒளி விழும் கோணம் வேறு. முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி விலகுவதால், ஸ்நெல் விதியை வைத்து மாற்றிக்கொள்ள வேண்டும். நான் கீழே சொல்வதெல்லாம் உள்கோணம்.

முதலில் காற்றில் ஓட்டுங்கள். 38 பாகையிலிருந்து 50 வரை, 0.1 பாகைப் படியாக. 41.3-ல் ஒரு சின்ன முனை தெரியும், அது மாறுநிலைக் கோணம். கண்ணாடியையும் காற்றையும் மட்டும் பொறுத்தது என்பதால் உங்கள் கோண அளவு சரியா என்று அதை வைத்தே சோதிக்கலாம். அதைத் தாண்டி 44-க்குச் சற்று முன்னால் எதிரொளிப்பு சரிந்து விழும். அறை விளக்கை அணைத்துவிட்டு வெள்ளைக் காகிதத்தில் கற்றையைப் பிடித்தபடி மேடையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சிவப்புப் புள்ளி மங்கி, ஏறக்குறைய அணைந்து, மறுபடி எரியும். டையோடு எண்ணைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

குழியின் வடிவமே படலத்தின் நிலையைச் சொல்லிவிடும். அகலமாகவும் ஆழமில்லாமலும் இருந்தால் தங்கம் மெல்லியது. ஒடுக்கமாக, ஆனால் ஆழமில்லாமல் இருந்தால் தடிமன். 50-ஐ ஒட்டி இருந்தால்தான் கிட்டத்தட்ட பூஜ்யம் வரை இறங்கும். வெள்ளியில் குழி இன்னும் கூர்மையாக விழும், ஆனால் கொலுசு கறுக்கிற அதே கதை இங்கேயும் உண்டு. அதனால் தங்கம்.

படி 2: சர்க்கரைத் தண்ணீர்

தங்கத்தின் மேல் ஒரு சின்ன அக்ரிலிக் தொட்டியை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பொருத்தித் தண்ணீர் விடுங்கள். குழி 44-லிருந்து 73 பாகைக்கு அருகே தாவும். 60 பாகை முப்பட்டகம் கேட்டது இதற்குத்தான். இதில் வெளிக்கோணம் 20 பாகையில் முடிந்துவிடும். 45 பாகை முப்பட்டகமாக இருந்தால் 45 வரை சாய்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம் 1, 2, 3, 4, 5 சதவீதச் சர்க்கரைக் கரைசல்களை எடைபோட்டுத் தயார் செய்யுங்கள். ஒரு சதவீதச் சர்க்கரை ஒளிவிலகல் எண்ணைச் சுமார் 0.0014 உயர்த்தும். குழி கால் பாகைக்குச் சற்றுக் குறைவாக நகரும். ஐந்து புள்ளிகளும் ஏறக்குறைய நேர்கோட்டில் விழ வேண்டும். அந்தக் கோட்டின் சாய்வுதான் உங்கள் கருவியின் உணர்திறன். ஓர் ஒளிவிலகல் அலகுக்கு 160 பாகையை ஒட்டி வந்தால் எல்லாம் சரி. கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர் விட்டு, குழி பழைய இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் ஏதோ ஒட்டியிருக்கிறது, அல்லது ஸ்லைடு நழுவியிருக்கிறது, அல்லது வெப்பம் மாறியிருக்கிறது.

வெப்பத்தை லேசாக எடுக்காதீர்கள். அறை வெப்பத்தில் தண்ணீர் ஒரு பாகை செல்சியஸ் சூடானால் அதன் ஒளிவிலகல் எண் சுமார் 0.0001 குறையும். வணிகக் கருவிகள் பேசும் கணக்கில் அது 100 அலகு. கோணத்தைக் குழியின் ஓரத்தில் நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் வெறும் தண்ணீரை அளந்து பாருங்கள். ஏ.சி. ஓடி ஓடி நிற்கும் தாளம் அப்படியே கோட்டில் வரும்.

படி 3: படலத்தின் தடிமனை அளப்பது

பொருளறிவியல் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடலாம். வெறும் தங்கத்தின் வளைவை முதலில் எடுங்கள். அடுக்கடுக்கான படலங்களில் ஒளி எவ்வளவு எதிரொளிக்கும் என்று சொல்லும் பல அடுக்கு ஃபிரெனல் சமன்பாட்டை வைத்துத் தங்கத்தின் தடிமனையும் மின்காப்பு எண்ணையும் பொருத்தி, அந்த எண்களைப் பூட்டி வைத்துவிடுங்கள். பிறகு ஸ்லைடை, கந்தக முனையால் தங்கத்தில் ஒட்டும் நீண்ட சங்கிலித் தயோல் கலந்த எத்தனாலில் இரவு முழுக்க ஊறவைத்துக் கழுவி, மறுபடி அளவெடுங்கள். இரண்டு நானோமீட்டர் தடிமன்கூட இல்லாத அந்த அடுக்குக்கே குழி கண்ணுக்குத் தெரிய நகரும்.

ஊறவைக்கும் முன் தங்கம் சுத்தமாக இருக்க வேண்டும். பிரானா கரைசலைப் பலர் சொல்வார்கள். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த அதில் கொஞ்சம் அசிட்டோன் பட்டாலே வெடிக்கக்கூடும். புற ஊதா-ஓசோன் கருவி பக்கத்து லேபில் இருந்தால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே ஒரு நகர்வை வைத்துத் தடிமன், ஒளிவிலகல் எண் இரண்டையும் சொல்ல முடியாது. தடிமன் கூடினாலும் அதே நகர்வு, அடர்த்தி கூடினாலும் அதே நகர்வு. ஒன்றை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டு அலைநீளங்களில், அல்லது காற்றிலும் தண்ணீரிலுமாக இரண்டு ஊடகங்களில் அளந்து இரண்டு சமன்பாடாக்க வேண்டும். ஈரத்தில் ஊதும் பாலிமர் படலத்துக்கு ஊடகம் மாற்றும் வழி ஆகாது. தண்ணீர் விட்டவுடன் படலமே வேறாகிவிடும். அங்கே இரண்டு அலைநீளம்தான்.

வாயு உணரிக்கும் இதே மேசை போதும். ஹைட்ரஜனுக்குத் தங்கத்தின் மேல் மெல்லிய பல்லேடியம் பூசுவார்கள். அது ஹைட்ரஜனை உறிஞ்சி ஹைட்ரைடாகும்போது ஒளியியல் பண்பு மாறும். சொல்லப்போனால் இந்த முறை உணரியாக மாறியதே வாயுவில்தான். சுவீடனின் லின்ஷோப்பிங்கில் நிலாண்டர், லீட்பெரி, லுண்ட்ஸ்ட்ரோம் ஆகியோர் 1980-களின் தொடக்கத்தில் வாயுவை அளந்தார்கள், 1983-ல் எதிர்ப்பொருள் ஒட்டுவதையும் காட்டினார்கள். 1990-ல் பயாகோர் கருவி சந்தைக்கு வந்தது.

படி 4: புரதத்தைச் சிப்பில் கட்டுவது

இப்போது பயாகோர் போன்ற பெரிய கருவிக்கு வருவோம். இதில் மேடை சுழலாது. ஒளியை ஆப்பு வடிவில் குவித்துப் பல கோணங்களையும் ஒரே நேரத்தில் விழவைத்து, இருட்டுக் கோடு எந்தப் பிக்சலில் விழுகிறது என்று பார்ப்பார்கள். அலகு ஆர்.யு.; ஓர் ஆர்.யு. என்பது ஒளிவிலகல் எண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. புரதமாக இருந்தால் 1000 ஆர்.யு. என்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நானோகிராம்.

பழகுவதற்கு நான் சொல்லும் ஜோடி மாட்டின் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொதியும் ஃப்யூரோசெமைடும். ஃப்யூரோசெமைடு வேறொன்றுமில்லை, வீட்டுப் பெரியவர்கள் 'நீர் மாத்திரை' என்று விழுங்கும் லேசிக்ஸ். அதிலுள்ள சல்ஃபோனமைடு முனை நொதியின் துத்தநாக அணுவைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் எளிதில் கிடைக்கும். மருந்து தானாகவே பிரிந்துவிடும் என்பதால் சிப்பை, அதாவது புரதம் கட்டும் தங்கத் தகட்டை, அமிலம் விட்டுக் கழுவ வேண்டியதும் இல்லை. ஆய்வுக்கு மாத்திரையைப் பொடிக்காதீர்கள், தூய பொடியை வாங்குங்கள்.

சிப்பின் மேல் கார்பாக்ஸிமீதைல் டெக்ஸ்ட்ரான் இழைகள் இருக்கும். 0.4 மோலார் இ.டி.சி., 0.1 மோலார் என்.எச்.எஸ். இரண்டையும் சம அளவில், செலுத்துவதற்குச் சற்று முன்பு கலந்து, 7 நிமிடம் ஓட்டினால் அந்தக் கார்பாக்ஸில் முனைகள், புரதத்தின் அமீன் முனைகளைப் பிடிக்கத் தயாராக விழித்துக்கொள்ளும். இ.டி.சி. ஈரம் பட்டால் வீணாகும் சரக்கு. சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவைத்து, ஒருமுறை உருக்கியதை மறுபடி உள்ளே வைக்காமல் இருங்கள்.

அடுத்து நொதியை 10 மில்லிமோலார் சோடியம் அசிடேட், பி.எச். 5-ல் கரைத்து விடுங்கள். பி.எச். ஏன் 5? அதில் நொதி நேர்மின் சுமையோடு இருக்கும், டெக்ஸ்ட்ரான் எதிர்மின். ஈர்த்துக் கிட்டே கொண்டுவந்துவிடும், வினை பிறகு தானே நடக்கும். வாங்கிய புரதம் ட்ரிஸ் பஃபரில் இருந்தால் முதலில் மாற்றுங்கள். ட்ரிஸிலும் அமீன் இருக்கிறது. அது உங்கள் புரதத்துக்கு முன்னால் போய் இடம் பிடித்துக்கொள்ளும். கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடும் அப்படித்தான். கடைசியில் 1 மோலார் எத்தனாலமின் விட்டு மீதி முனைகளை மூடுங்கள்.

சிப்பின் மேல் கரைசல் ஓடும் தடங்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும். பக்கத்துத் தடத்தில் புரதம் மட்டும் இல்லாமல் இதே வேலையை முழுக்கச் செய்யுங்கள். அதுதான் ஒப்பீட்டுத் தடம். என்னுடைய 200 அலகுக் கூத்து நடந்தது இது இல்லாத ஒற்றைத் தடத்தில்.

எவ்வளவு கட்டுவது? இங்கேதான் அக்கா கேட்ட கணக்கு. மருந்தின் மூலக்கூறு எடையைப் புரதத்தின் எடையால் வகுத்து, கட்டிய ஆர்.யு.-வால் பெருக்குங்கள். ஃப்யூரோசெமைடு 331, நொதி சுமார் 29,000. 3000 ஆர்.யு. கட்டினால் அதிகபட்சம் 34. நடைமுறையில் கட்டிய புரதத்தில் கொஞ்சம் செத்துப்போயிருக்கும், எனவே இதற்கும் குறைவாகத்தான் வரும். சின்ன மூலக்கூறுக்கு இவ்வளவு கட்டலாம். எதிர்ப்பொருளையோ பெரிய புரதத்தையோ ஓட்டுவதாக இருந்தால் சில நூறு ஆர்.யு. போதும். நிறையக் கட்டினால் மூலக்கூறு வந்து சேரும் வேகத்தைத்தான் அளப்பீர்கள், ஒட்டும் வேகத்தை அல்ல. சந்தேகம் வந்தால் ஓட்ட வேகத்தை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். வளைவு மாறினால் சந்தேகம் சரி.

படி 5: மாதிரி தயாரிப்பு

நேரத்தை இங்கே செலவழியுங்கள். ஒரு சதவீத டி.எம்.எஸ்.ஓ. வித்தியாசம் 1000 ஆர்.யு.-வைத் தாண்டும். நாம் தேடுவது 34. ஆகவே ஓடும் பஃபரிலும் மாதிரியிலும் டி.எம்.எஸ்.ஓ. ஒன்றாக இருந்தே தீர வேண்டும்.

முதலில் மருந்தைச் சுத்த டி.எம்.எஸ்.ஓ.-வில் கரையுங்கள். அதை டி.எம்.எஸ்.ஓ. இல்லாத பஃபரில் சேர்த்து, 3 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகு நீர்க்கச் செய்வதெல்லாம் ஏற்கெனவே 3 சதவீதம் கலந்த ஓடும் பஃபரை வைத்துத்தான், அதுவும் ஒரே புட்டியிலிருந்து. காலையில் ஒரு புட்டி, மதியம் இன்னொரு புட்டி என்றால் தொலைந்தது. பிப்பெட்டில் டி.எம்.எஸ்.ஓ. பிசுபிசுவென்று சுவரில் நிற்கும். மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள்.

பஃபருக்கு பாஸ்பேட் சலைனும் 0.005 சதவீத டிடர்ஜென்ட்டும் போதும். இ.டி.டி.ஏ. சேர்த்த பஃபர்தான் பல லேபில் வழக்கம், ஆனால் நம் நொதிக்குத் துத்தநாகம் உயிர். உலோகத்தைப் பிடிக்கும் ஒன்றை எதற்கு வம்பாகச் சேர்ப்பானேன்? பஃபரை வடிகட்டி, காற்றை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். குமிழி போனால் கோட்டில் ஊசி மாதிரி குத்தி நிற்கும்.

இந்த ஜோடியின் பிணைப்பு மாறிலி, அதாவது பாதி நொதி நிரம்பும் மருந்துச் செறிவு, ஒரு மைக்ரோமோலாரை ஒட்டி இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து பத்து மடங்கு வரை, மூன்று மூன்று மடங்காக ஐந்தாறு செறிவுகள் எடுங்கள். வரிசையாக ஓட்டாமல் கலைத்து ஓட்டுங்கள். ஒன்றிரண்டை இரண்டு முறை ஓட்டுங்கள். நடுநடுவே மருந்தில்லாத வெறும் பஃபரையும் மாதிரி போலவே செலுத்துங்கள். 60 விநாடி ஒட்டவிட்டு 120 விநாடி பிரியவிட்டால் போதும்.

இவற்றோடு, டி.எம்.எஸ்.ஓ. 2.5-லிருந்து 3.8 வரை வெவ்வேறாக உள்ள எட்டுக் கரைசல்களையும் ஓட்ட வேண்டும். புரதம் இருக்கும் தடத்தில் கரைப்பானுக்கு இடம் கொஞ்சம் குறைவு, அதனால் இரண்டு தடமும் டி.எம்.எஸ்.ஓ.-வுக்கு ஒரே மாதிரி பதில் சொல்லாது. அந்த வித்தியாசத்தைத் திருத்த இந்த எட்டும் வேண்டும்.

படி 6: வளைவைப் படிப்பது

மென்பொருளைத் திறந்தவுடன் பொருத்தாதீர்கள். முதலில் கண்ணால் பாருங்கள். செலுத்தியவுடன் சதுரமாக ஏறி, நிறுத்தியவுடன் சதுரமாக இறங்கினால் அது பெரும்பாலும் கரைப்பான். மிக வேகமாக ஒட்டிப் பிரியும் மூலக்கூறும் அப்படித் தெரியும் என்பதுதான் வம்பு. ஆனால் அது செறிவுக்கு ஏற்ப ஏறி ஓரிடத்தில் நிறைவடையும், கரைப்பான் அப்படி ஆகாது. வளைவு நிறைவடையாமல் ஏறிக்கொண்டே போனாலோ அதிகபட்சக் கணக்கைத் தாண்டினாலோ, மூலக்கூறுகள் திரண்டு கண்ட இடத்தில் ஒட்டுகின்றன என்று பொருள்.

பிறகு ஒப்பீட்டுத் தடத்தைக் கழியுங்கள், கரைப்பான் திருத்தத்தைச் செய்யுங்கள், அதிலிருந்து வெறும் பஃபர் ஓட்டத்தையும் கழியுங்கள். இப்போது மிஞ்சுவதைத்தான் ஒன்றுக்கு ஒன்று மாடலில் (ஒரு நொதிக்கு ஒரு மருந்து மூலக்கூறு) எல்லாச் செறிவுக்கும் சேர்த்துப் பொருத்த வேண்டும். பிரிகை மாறிலி விநாடிக்கு 0.04 என்று வந்தால், பாதி மருந்து 17 விநாடியில் கழன்றுவிடுகிறது என்று அர்த்தம். திரையில் அப்படித்தான் தெரிகிறதா என்று பாருங்கள். பிரிகை மாறிலியைச் சேர்கை மாறிலியால் வகுத்து வரும் எண்ணும் (அதுதான் பிணைப்பு மாறிலி), ஒவ்வொரு செறிவின் சமநிலை உயரத்தை மட்டும் வைத்துப் போடும் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு.

பொருத்தம் சரியாக வரவில்லை என்றால் சிக்கலான மாடலுக்குத் தாவும் ஆசை வரும். மாறிலிகளைக் கூட்டினால் எந்த வளைவும் பொருந்தும், யானையைக்கூடப் பொருத்தலாம். கட்டிய அளவைப் பாதியாகக் குறைத்து இன்னொரு சிப்பில் ஓட்டிப் பாருங்கள். எனக்குப் பத்தில் எட்டு முறை அதிலேயே சரியாகியிருக்கிறது.

முடித்துவிட்டுக் கிளம்பும்போது குழாய்களில் உப்பு பஃபரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். காய்ந்தால் படிகமாகி அடைத்துக்கொள்ளும். சுத்தத் தண்ணீர் ஓட்டிவிடுங்கள். நொதி கட்டிய சிப்பைக் கழற்றி, பஃபர் நிரப்பிய குழாயில் மூழ்கவைத்து 4 பாகை செல்சியஸில் வையுங்கள். மறுநாள் எடுக்கும்போது, முந்தைய நாள் ஓட்டிய அதே செறிவில் ஒரு மாதிரியை முதலில் ஓட்டி, உயரம் அதே வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.